புதிய செடி என்று எப்போது சொல்லலாம்?

அன்புள்ள ஐயா,

நான் கூடலூரில் வசிக்கிறேன். தாவரவியலில் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் லைன் வீடுகளுக்குப் பின்னால், தேயிலைத் தோட்டம் முடிகிற இடத்தில், ஒரு சிறிய சோலை இருக்கிறது. போன வாரம் மழை சற்று ஓய்ந்திருந்த ஒரு காலையில் அங்கே போயிருந்தேன். மட்கிய இலைகளுக்கு நடுவே இலையே இல்லாத ஒரு செடி நின்றது. ஒரு சாண் உயரம். தண்டு வெளுத்து, தொட்டால் நசுங்கிவிடுமோ என்று பயப்படும்படி இருந்தது. நாலைந்து பூக்கள் தலைகுனிந்து தொங்கின. ஆர்க்கிட் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ஆர்க்கிட் பூவில் ஓர் இதழ் மட்டும் உதடாக மாறியிருக்கும் என்றுதானே படித்திருக்கிறோம்? இந்தப் பூக்களில் ஆறு இதழ்களும் ஒன்றுபோலவே இருந்தன. உதடும் இல்லை, பூவின் பின்னே வால்போல நீளும் தேன்குழலும் இல்லை.

படங்களைப் பகிர்ந்தேன். பார்த்தவர்களில் பலர் "புதிய இனம்" என்று வாழ்த்தினார்கள். வேறு யாராவது முந்திக்கொள்வதற்குள் எழுதி வெளியிட்டுவிடு என்றார் ஒரு தோழி. சிலர் சரியாக எந்த இடம் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

என் கேள்விகள் மூன்று. இது புதிய இனமாக இருக்க வாய்ப்பு உண்டா? உள்வெளி மாறிய பூ கொண்ட லக்கண்டோனியா என்ற மெக்சிக்கோ செடிக்குத் தனிக் குடும்பமே கொடுத்தார்கள் என்று முன்பு ஒரு கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். பிறகு நான் தேடியபோது அந்தக் குடும்பம் இப்போது இல்லை என்று தெரிந்தது. பூ அவ்வளவு வித்தியாசமாக இருந்தும் ஏன் கலைத்தார்கள்? கடைசியாக, இது புதியதுதான் என்றால் என் அப்பாயியின் பெயரை வைக்க முடியுமா? இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி, இந்தத் தோட்டத்தில் கொழுந்து பறித்தே எங்களை வளர்த்தவர் அவர்.

கூடலூரிலிருந்து ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

நீங்கள் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். புதிய இனம் என்று சொல்ல, இப்போது உங்கள் கையில் இருப்பது போதாது. இதைக் கேட்டுச் சோர்ந்துவிட வேண்டாம். நீங்கள் கண்டது எதுவானாலும் கவனிக்கத்தக்க ஒன்று. அதை ஆர்க்கிட்டின் உதட்டோடு ஒப்பிட்டு யோசித்தீர்களே, அந்த யோசனை சரியான திசையில்தான் போகிறது. ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு தகவல் இல்லை. எத்தனை செடிகள் இருந்தன? "ஒரு செடி" என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையிலேயே ஒன்றே ஒன்றா? மற்ற எல்லாக் கேள்விகளையும் விட இது முக்கியம்.

ஏன் என்று சொல்ல, கொஞ்சம் தூரம் போக வேண்டும். 1742இல் ஸ்வீடனின் தலைநகர் ஸ்டாக்ஹோமை ஒட்டிய தீவுக்கூட்டத்தில் மாக்னஸ் சியோபெர்க் என்ற மாணவர் ஒரு செடியைப் பறித்தார். இலை, தண்டு, வாசனை எல்லாம் அந்த நாட்டில் வேலியோரமெங்கும் வளரும் லினாரியா வல்காரிஸ். பூ மட்டும் வேறு. வழக்கமான லினாரியா பூவுக்கு மேலுதடு, கீழுதடு, கீழே ஒரு தேன்குழல்; மகரந்தத்தாள் நான்கு. இந்தப் பூவோ எல்லாப் பக்கமும் ஒரே சீரான குழாயாக, ஐந்து தேன்குழல்களோடும் ஐந்து மகரந்தத்தாள்களோடும் இருந்தது. செடி ஸ்வீடனின் பெரிய தாவரவியலாளர் லின்னேயஸ் கைக்கு வந்தது. யாரோ வேறொரு செடியின் பூவை ஒட்டி ஏமாற்றுகிறார்கள் என்றே அவர் முதலில் சந்தேகப்பட்டார். அப்படியல்ல என்று தெரிந்ததும் திகைத்துப்போனார். பசு ஒன்று ஓநாய்த் தலையோடு கன்று ஈன்றால் எவ்வளவு வியப்போ அவ்வளவு வியப்பு இது என்று எழுதினார். 1744இல் வெளிவந்த ஆய்வுரையில் அதற்குப் பெலோரியா என்று பெயரிட்டார்.

அவருடைய திகைப்புக்குக் காரணம் இருந்தது. தாவரங்களை மகரந்தத்தாள்களின் எண்ணிக்கையையும் அமைப்பையும் கொண்டு வகுப்பு வகுப்பாகப் பிரித்தவர் அவர். அந்தக் கணக்கின்படி லினாரியா ஒரு வகுப்பிலும், அதே வேர், அதே இலை கொண்ட பெலோரியா இன்னொரு வகுப்பிலும் போய் உட்கார வேண்டும். கலப்பினமாக இருக்கலாம் என்று சமாதானம் செய்துகொண்டார். உண்மை தெரிய இரண்டரை நூற்றாண்டு ஆயிற்று. 1999இல் இங்கிலாந்தின் நாரிச் நகரில் பிலார் கூபாஸ், கோரல் வின்சென்ட், எனரிக்கோ கோயென் மூவரும் பெலோரியா செடிகளின் மரபணுவை ஆராய்ந்தார்கள். பூவின் மேற்புறம் எது, கீழ்ப்புறம் எது என்று தீர்மானிக்கும் மரபணு ஒன்று அந்தச் செடிகளில் வாய்மூடிக் கிடந்தது. மரபணுவின் எழுத்துகள் மாறவில்லை. அதன் மேல் மீத்தைல் என்ற சிறு வேதித் தொகுதிகள் அடர்ந்து ஒட்டிக்கொண்டு அதைச் செயல்படவிடாமல் தடுத்திருந்தன. லின்னேயஸ் பார்த்தது புதிய இனம் அல்ல, லினாரியாவேதான்.

உங்கள் செடியின் ஆறு இதழ்களும் ஒன்றுபோல இருக்கின்றன என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இதுதான். ஆர்க்கிட்டுகளிலும் பெலோரியா மாற்றம் வரும். உதடு மற்ற இதழ்களைப் போல ஆகிவிடும். சில சமயம் மற்ற இதழ்கள் உதட்டைப் போல ஆகிவிடும். வளர்ப்புத் தோட்டங்களில் இதை அடிக்கடி பார்க்கலாம், காட்டிலும் அவ்வப்போது நடக்கும். ஒரே செடியில் மட்டும் இது இருந்தால் அதை ஒரு பிறழ்வு என்று குறித்துக்கொள்வதே நேர்மை. அங்கே பல செடிகள் நின்று, எல்லாவற்றிலும் எல்லாப் பூக்களும் இப்படியே இருந்தால், அடுத்த மழைக்காலத்திலும் இப்படியே முளைத்தால், அப்போது நாம் உட்கார்ந்து பேச வேண்டும்.

இலையில்லாமல் வெளுத்து, மழைக்காலத்தில் மட்கிய இலைகளுக்கிடையே தலைகாட்டும் செடிகள் மேற்குத்தொடர்ச்சி மலையில் பல உண்டு. பாலனோபோரா, ஏஜினீசியா, கிறிஸ்டிசோனியா போன்றவை பிற செடிகளின் வேரை உறிஞ்சுபவை. அவற்றின் தோற்றம் உங்கள் வர்ணனையோடு பொருந்தவில்லை. பூஞ்சையிடமிருந்து உணவு வாங்கி வாழும் ஆர்க்கிட்டுகள் இருக்கின்றன: டிடிமோப்ளெக்சிஸ், அஃபில்லார்கிஸ், எபிபோஜியம். நான் முதலில் சந்தேகிப்பது எபிபோஜியம் ரோசியம் என்பதை. மெல்லிய வெளிர்த்தண்டு, குனிந்த பூக்கள், மண்ணுக்குள் கிழங்கு. டேவிட் டான் 1825இல் நேபாளத்திலிருந்து வந்த மாதிரியை வைத்து இதை விவரித்தார். ஆப்பிரிக்காவிலிருந்து ஆஸ்திரேலியா வரை பரவியிருக்கும் செடி இது. ஒரு மலையில் ஒரே ஒரு சோலையில் பார்க்கிறவருக்கு அது இந்த உலகத்திலேயே இங்கே மட்டும் இருப்பதாகத் தோன்றுவது இயல்பு, ஏனென்றால் ஆண்டில் சில நாட்களே அது மண்ணுக்கு மேலே இருக்கிறது. சந்தேகம் என்றுதான் சொல்கிறேன். பூவின் நடுவில் மகரந்தத்தாளும் சூல்தண்டும் ஒன்றாக இணைந்த தூண் இருக்கிறதா என்று பார்க்காமல், ஆர்க்கிட் என்றுகூட என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. உங்கள் படங்கள் மூன்றும் பக்கவாட்டில் எடுத்தவை. ஒன்றில்கூடப் பூவின் உள்ளே தெரியவில்லை.

இனி லக்கண்டோனியா. உங்கள் இரண்டாவது கேள்வியை நான் மிகவும் ரசித்தேன். புதிய இனம் கண்டுபிடித்த செய்தியைப் படிக்கிறவர்கள் பலர்; அந்தச் செடிக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று தேடிப்போகிறவர்கள் சிலரே.

மெக்சிக்கோவின் தென்கோடி மாநிலமான சியாபாஸில், குவாத்தமாலா எல்லையை ஒட்டி, லக்கண்டோன் மழைக்காடு இருக்கிறது. 1980களின் நடுவில் எஸ்தேபான் மார்த்தினெஸ் என்ற மெக்சிக்கோ தாவரவியலாளர் அந்தக் காட்டின் தரையில் ஒரு சிறு செடியைக் கண்டார். சில சென்டிமீட்டர் உயரம், பச்சையம் இல்லை, உங்கள் செடியைப் போலவே பூஞ்சையை நம்பி வாழ்வது. அதன் பூவை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தபோது தெரிந்தது, தாவரவியலின் முதல் பாடத்தையே மறுக்கும் ஓர் அமைப்பு.

எட்டாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும்: பூவின் வெளியே புல்லி, அடுத்து அல்லி, அதற்குள் மகரந்தத்தாள், நடுவில் சூலகம். செம்பருத்தியில் சூல்முடி மகரந்தக் குழாய்க்குள்ளிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை நாம் எல்லாரும் பிரித்துப் பார்த்திருக்கிறோம். சுமார் மூன்று லட்சம் பூக்கும் தாவர இனங்கள் உலகில் இருக்கின்றன. உருவம், நிறம், எண்ணிக்கை எதுவும் மாறலாம். இருபாற்பூவில் சூலகம் நடுவில் என்கிற இந்த வரிசை மட்டும் மாறாது. லக்கண்டோனியாவில் மாறியிருந்தது. நடுவில் பெரும்பாலும் மூன்று மகரந்தத்தாள்கள். அவற்றைச் சுற்றி வளையமாக 60 முதல் 80 வரை நுண்ணிய சூலகங்கள்.

மார்த்தினெஸும் கிளாரா ஹில்டா ராமோஸும் 1989இல் மிசௌரி தாவரவியல் பூங்காவின் ஆய்விதழில் இதை வெளியிட்டார்கள். பேரினத்துக்குக் காட்டின் பெயர். சிற்றினத்துக்கு, வழக்கத்திலிருந்து பிரிந்துபோனது என்ற பொருளில், ஸ்கிஸ்மாட்டிகா. அதோடு நிற்காமல் லக்கண்டோனியேசி என்ற புதிய குடும்பத்தையும் நிறுவினார்கள். கண்டதற்கும் வெளியிட்டதற்கும் இடையில் ஆண்டுகள் கழிந்திருப்பதைக் கவனியுங்கள். உங்கள் தோழி சொல்வதுபோல் அவசரப்பட்டிருந்தால், "இது பெலோரியா போன்ற பிறழ்வுதானே" என்ற முதல் எதிர்க்கேள்வியிலேயே கட்டுரை விழுந்திருக்கும். ஒரு செடியின் கோணல் அல்ல, அங்கே வளரும் கூட்டமே இப்படித்தான் என்று காட்ட முடிந்தது. உள்ளமைப்பை வெட்டிப் பார்த்து விவரித்த ஆய்வும் அதே 1989இல் வந்தது. குரோமோசோம் எண்ணிக்கை ஒன்பது என்று அடுத்த ஆண்டு அறிவிக்கப்பட்டது.

பிறகு தெரியவந்த செய்தி இன்னும் வியப்பானது. இந்தப் பூ மலர்வதற்கு முன்பே கருவுற்றுவிடுகிறது. மகரந்தம் வெளியே உதிர்வதில்லை. மகரந்தப் பைக்குள்ளேயே முளைத்து, அதன் குழாய் மகரந்தக் காம்பின் வழியே கீழே இறங்கி, பூத்தளத்தின் ஊடாகப் போய்ச் சூல்களை அடைகிறது. வண்டும் வேண்டாம், காற்றும் வேண்டாம், சூல்முடியும் வேண்டாம். இந்தப் பகுதியைப் படித்த அன்று நான் வேறு வேலை எதுவும் செய்யவில்லை.

அவ்வளவு விநோதமான செடியின் குடும்பம் ஏன் கலைந்தது? மூன்று திசைகளிலிருந்து சான்று வந்தது.

ட்ரையூரிடேசி என்று ஒரு குடும்பம் முன்பே உண்டு. எல்லாம் பச்சையமற்ற சிறு செடிகள். அதைச் சேர்ந்த சயாஃபிலா பேரினம் இலங்கையின் ஈரக்காடுகளிலும் நம் மேற்குத்தொடர்ச்சி மலையிலும்கூட இருக்கிறது. இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ட்ரையூரிஸ் பிரெவிஸ்டைலிஸ் என்ற செடியும் மெக்சிக்கோவில் வளர்கிறது. அதில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஆனால் எப்போதாவது ஒரு பூவில் இரண்டு உறுப்புகளும் சேர்ந்து வந்துவிடுகின்றன. அப்படி வரும்போது நடுவில் இருப்பது மகரந்தத்தாள். 2003இல் இதைச் சொன்ன ஆய்வு, உள்வெளி மாற்றம் லக்கண்டோனியாவுக்கு மட்டும் சொந்தமல்ல, இரண்டும் பிரிவதற்கு முன்பே தோன்றிவிட்ட போக்கு என்று காட்டியது. தனிக் குடும்பத்துக்கு ஆதாரமாக இருந்த ஒரே தூண் அங்கே ஆட்டம் கண்டது.

இரண்டாவது சான்று மரபணு வரிசை. ஒளிச்சேர்க்கையைக் கைவிட்ட செடிகளில் பசுங்கணிகத்தின் மரபணுக்கள் சிதைந்தோ காணாமலோ போயிருக்கும். உறவுமுறை காண வழக்கமாகப் பயன்படும் மரபணுக்களே அவைதான். ஆகவே ரைபோசோமுக்குரிய உட்கரு மரபணுவைக் கொண்டு தேடினார்கள். ட்ரையூரிடேசி வந்து சேர்ந்த இடம் பாண்டனேல்ஸ் வரிசை, அதாவது நம் தாழையின் வரிசை. கடலோரத்தில் முள்ளும் மடலுமாக ஆளுயரத்துக்கு மேல் புதர்மண்டி நிற்கும் தாழைக்கும், மழைக்காட்டுத் தரையில் விரல்நீளம்கூட இல்லாத வெளிறிய லக்கண்டோனியாவுக்கும் ஒரே மூதாதை. கண்ணால் பார்த்து இதை யாராவது ஊகித்திருக்க முடியுமா?

மூன்றாவதைத்தான் நான் மிக உயர்வாக மதிக்கிறேன். 1991இல் எனரிக்கோ கோயெனும் எலியட் மையரோவிட்ஸும் பூவுறுப்புகள் எப்படி உருவாகின்றன என்பதற்கு ஒரு விதி சொன்னார்கள். மேலே லினாரியாவில் பார்த்த அதே கோயென்தான். மூன்று வகை மரபணுக்கள், ஏ, பி, சி. ஏ மட்டும் வேலைசெய்யும் வட்டத்தில் புல்லி. ஏயும் பியும் சேர்ந்தால் அல்லி. பியும் சியும் சேர்ந்தால் மகரந்தத்தாள். சி மட்டும் என்றால் சூலகம். முதுகலையில் இதை நீங்கள் படித்திருப்பீர்கள். எலெனா ஆல்வாரெஸ் புய்யாவும் அவருடைய மெக்சிக்கோ குழுவினரும் இந்த விதியை லக்கண்டோனியாவில் சோதித்து 2010இல் முடிவை வெளியிட்டார்கள். பி வகையில் இரண்டு மரபணுக்கள் உண்டு. அவற்றில் ஒன்று பூ முழுவதும் செயல்பட, மற்றொன்று பூவின் மையத்தில் மட்டும் செயல்பட்டது. இரண்டும் ஒன்றுசேரும் இடம் மையம் என்பதால் மகரந்தத்தாள் மையத்துக்குப் போயிற்று. சுற்றிலும் சி தனித்து நின்றதால் அங்கே சூலகம். உலகத்தையே திகைக்க வைத்த ஒரு பூவுக்கு அடிப்படை, ஒரு மரபணு செயல்படும் எல்லை நகர்ந்தது. விதி உடையவில்லை, லக்கண்டோனியா அதற்கு மிக அழகான சாட்சியாகிவிட்டது.

இதற்கு எதிர்ப்பும் இருந்தது. லண்டனின் கியூ தாவரவியல் பூங்காவைச் சேர்ந்த பாலா ருடால் போன்றவர்கள், நாம் ஒரு பூ என்று நினைப்பது உண்மையில் பல பூக்கள் சுருங்கி ஒன்றான மஞ்சரியாக, அதாவது பூங்கொத்தாக, இருக்கலாம் என்று வாதிட்டார்கள். அப்படியென்றால் உள்வெளி என்ற பேச்சே எழாது. மெக்சிக்கோவின் ட்ரையூரிடேசிச் செடிகளின் மொட்டு வளர்ச்சியைப் படிப்படியாக ஒப்பிட்ட 2006ஆம் ஆண்டு ஆய்வு, இது தனிப் பூதான் என்ற பக்கம் நின்றது. அந்தப் பக்கமே எனக்கும் சரியாகப் படுகிறது.

இப்போது என்ன மிஞ்சியிருக்கிறது பாருங்கள். லக்கண்டோனியா என்ற பேரினம் நிற்கிறது. ஸ்கிஸ்மாட்டிகா என்ற சிற்றினம் நிற்கிறது. 2012இல் பிரேசிலின் அட்லாண்டிக் காட்டிலிருந்து லக்கண்டோனியா பிரேசிலியானா என்ற இரண்டாவது சிற்றினமும் சேர்ந்தது. மேலே போர்த்திய குடும்பம் மட்டும் ட்ரையூரிடேசிக்குள் கரைந்துபோயிற்று. 1989இல் குடும்பம் நிறுவியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அன்று தெரிந்ததை வைத்துப் பார்த்தால் அது நியாயமான முடிவு. ஒரு சிற்றினம் பிறவற்றிலிருந்து வேறானது என்பதைச் சோதித்துப் பார்க்கலாம். அதைக் குடும்பமாக உயர்த்துவதா, பேரினமாக வைப்பதா என்பதில் உறவுமுறையோடு மனிதர்களின் மதிப்பீடும் கலந்திருக்கிறது. பூ எவ்வளவு வித்தியாசம் என்பது நம் கண்ணுக்குப் படுகிற அளவு; எவ்வளவு நெருங்கிய உறவு என்பதற்கு அது அளவுகோல் ஆகாது. நீங்கள் கேட்டதற்கு என் பதில் இவ்வளவுதான்.

உங்கள் செடிக்கு வருவோம். ஒரு செடி புதியது என்று சொல்வதற்கான வேலையில் பெரும்பகுதி காட்டில் நடப்பதில்லை, உலர்த்திய செடிகளைத் தாள்களில் ஒட்டிச் சேமிக்கும் ஹெர்பேரியத்தில் நடக்கிறது. இதை வாழ்த்துச் சொன்னவர்கள் யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். முதலில் கேம்பிளும் ஃபிஷரும் 1915 முதல் 1936 வரை வெளியிட்ட சென்னை மாகாணத் தாவரநூலில் இனங்களை அடையாளம் காண உதவும் திறவுகோலில் உங்கள் செடியை ஓட்டிப் பார்க்க வேண்டும். பழைய நூல், பெயர்கள் பல மாறிவிட்டன, இன்றும் அதுவே கைவிளக்கு. பிறகு கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வு மையத்தின் தென்மண்டல அலுவலகத்தில் இருக்கும் மெட்ராஸ் ஹெர்பேரியத்துக்கும், திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினட் ஹெர்பேரியத்துக்கும் கல்லூரிக் கடிதத்தோடு போய், நெருங்கிய இனங்களின் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்ட வேண்டும். எந்த ஒரு மாதிரியை வைத்து ஓர் இனம் முதன்முதல் விவரிக்கப்பட்டதோ அதற்கு வகைமாதிரி என்று பெயர். அதோடு ஒப்பிடாமல் "வேறு" என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. நல்லவேளையாக வெளிநாட்டு ஹெர்பேரியங்களின் வகைமாதிரிகள் பலவும் இன்று உயர்தரப் படங்களாக இணையத்தில் கிடைக்கின்றன. முன்பு இதற்காகவே லண்டனுக்குக் கப்பலேறியவர்கள் உண்டு.

ஆண்டுக்குச் சுமார் இரண்டாயிரம் புதிய தாவர இனங்கள் உலகெங்கும் விவரிக்கப்படுகின்றன. 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, புதிய இனங்களில் நூற்றுக்குப் பதினாறு மட்டுமே பறித்த ஐந்தாண்டுகளுக்குள் விவரிக்கப்பட்டவை. கிட்டத்தட்ட கால்பங்கு, ஐம்பதாண்டுக்கு மேல் ஹெர்பேரிய அலமாரியில் காத்திருந்தவை. ஆகவே "யாராவது முந்திக்கொள்வார்கள்" என்ற பயத்தை விட்டுவிடுங்கள். உங்கள் செடியையே எண்பதாண்டுக்கு முன் ஒருவர் பறித்து, தவறான பெயர் எழுதி உறையில் இட்டு வைத்திருக்கவும் கூடும். அந்தத் தாளைக் கண்டெடுப்பதும் கண்டுபிடிப்புதான்.

ஒப்பீட்டுக்குப் பிறகும் வேறாகவே நின்றால், விதிகள் நேரானவை. பெயரும், எதிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்ற குறிப்பும் முறையான வெளியீடு ஒன்றில் வர வேண்டும். 1935இலிருந்து 2011 முடிய அந்தக் குறிப்பு லத்தீனில் இருக்க வேண்டும் என்பது கட்டாயம். 2012 ஜனவரி முதல் ஆங்கிலமும் ஏற்கப்படுகிறது. ஒரு மாதிரியை வகைமாதிரி என்று குறிப்பிட்டு, எந்த ஹெர்பேரியத்தில் இருக்கிறது என்றும் சொல்ல வேண்டும். உங்கள் முடிவு தவறு என்று நினைப்பவர் நேரே போய் அந்தத் தாளைப் பார்க்கலாம் என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

அந்த மாதிரியை நீங்கள் தனியாகப் போய்ப் பிடுங்கக் கூடாது. காப்புக்காட்டில் ஒரு செடி எடுக்கவும் வனத்துறையின் அனுமதி வேண்டும். உங்கள் துறைத்தலைவர் மூலம் எழுதிக் கேளுங்கள். தாமதமாகும், ஆகட்டும். இடம் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருப்பவர்களுக்குத் தயவுசெய்து பதில் சொல்லாதீர்கள். ஏற்கெனவே போட்ட படங்களில் இடக்குறிப்பு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் இன்றே நீக்கிவிடுங்கள். அரிய ஆர்க்கிட் என்ற பேச்சு கிளம்பினாலே கிழங்கோடு பெயர்த்துக்கொண்டு போக ஆள் வந்துவிடுகிறது. பூஞ்சையோடு மண்ணுக்குள் பிணைந்து வாழும் இந்தச் செடியைத் தொட்டியில் வைத்து யாராலும் வளர்க்க முடியாது. கொண்டு போகிறவர் வீட்டில் அது சாகும், சோலையிலும் இல்லாமல் போகும். இதை எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது.

அப்பாயியின் பெயர். வைக்கலாம். தடை எதுவும் இல்லை. பெண்ணின் பெயர் என்றால் அதற்குரிய லத்தீன் விகுதி சேர்த்து எழுதுவார்கள். தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வதைத்தான் நாகரிகம் அல்ல என்று கருதுகிறார்கள். ஆனால் நம் ஊரின் பழைய கதை ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். ராபர்ட் வைட் என்ற தாவரவியலாளர் 1838 முதல் 1853 வரை தென்னிந்தியத் தாவரங்களின் பெரும் படத்தொகுதியை வெளியிட்டார். படங்களை வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரு இந்திய ஓவியர்கள். வெள்ளைக்கார அதிகாரிகளுக்குப் பெயர் வைப்பதே வழக்கமாக இருந்த அந்தக் காலத்தில், வைட் தன் ஓவியரைக் கௌரவிக்க கோவிந்தூயியா என்று ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே பெயரிட்டார். பிறகு அந்தச் செடி, ஜான் லிண்ட்லி 1833இல் பெயரிட்டிருந்த டிராபிடியா பேரினத்தைச் சேர்ந்தது என்று தெரிந்தது. முந்திய பெயருக்கே உரிமை என்பது விதி. கோவிந்தூயியா இணைப்பெயர்ப் பட்டியலுக்குள் போய்விட்டது. கோவிந்துவின் நினைவாக வைத்த பெயர் நிலைத்திருக்க வேண்டும் என்று நான் எவ்வளவு விரும்பினாலும், டிராபிடியாதான் சரி. உங்கள் அப்பாயியின் பெயர் அப்படிக் கரைந்துபோகக் கூடாது என்றால், ஒப்பீட்டு வேலையை நீங்கள் யாரும் குறைசொல்ல முடியாதபடி செய்ய வேண்டும். அவரிடமே கேட்டும் பாருங்கள். அத்தனை மழைக்காலம் அந்தத் தோட்டத்தின் ஓரத்தில் நின்றவர். இந்தச் செடியைப் பார்த்திருக்கிறாரா, எந்த மாதத்தில், ஒன்றா கூட்டமா என்று கேட்டு எழுதி வையுங்கள்.

நாளைக்கே ஒருமுறை போய் வாருங்கள். அனுமதி வரும்வரை எதையும் தொட வேண்டாம், படம் மட்டும் போதும். எபிபோஜியமாக இருந்தால் காய் வெகுவேகமாக முற்றி வெடித்து, சில நாட்களில் தண்டே அழுகி மறைந்துவிடும், அதனால்தான் அவசரப்படுத்துகிறேன். பூவை நேர் எதிரே, நடுப்பகுதி தெளிவாகத் தெரியும்படி எடுங்கள். ஒவ்வொரு செடியிலும் எத்தனை பூ, எத்தனை பூவில் உதடு இல்லை என்று எண்ணி எழுதுங்கள். பக்கத்தில் அளவுகோல் வையுங்கள். சூழ்ந்து நிற்கும் மரங்கள் எவை என்று குறியுங்கள். கிழங்கைத் தோண்ட வேண்டாம். ஒரே செடிதான் என்றால் அதையும் அப்படியே எழுதி அனுப்புங்கள். லினாரியாவைப் போல ஒரு பிறழ்வு என்றாலும் அது பதிவு செய்யப்பட வேண்டியது, அதற்கும் நான் உதவுகிறேன்.

அன்புடன்.